காரம் ஒரு சுவையா?

நுழையும்முன்

அறுசுவை உண்டி என்பது தமிழர் விருந்தின் பெருமை. அந்த ஆறனுள் ஒன்றாகக் காரத்தை நம் முன்னோர் எண்ணினர். ஆனால் இன்றைய அறிவியல் காரத்தைச் சுவை என்று ஏற்பதில்லை. அது உடல் உணரும் ஓர் உணர்வு என்கிறது. அப்படியானால் முன்னோர் கூற்று பிழையா? மிளகாயைக் கடித்த நாவில் உண்மையில் நிகழ்வது என்ன? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தேடுகிறது.

ஒரு நண்பகல் உணவு

முன்னர் போர்ட் பிளேர் என வழங்கப்பெற்ற ஸ்ரீ விஜயபுரத்தில் ஒரு பள்ளி, உணவு இடைவேளை. வேப்பமர நிழலில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்திருக்கின்றனர். அந்தமான் தீவுகளில் இந்தியாவின் பல மொழியினரும் வாழ்வதால், அந்த வட்டத்தில் திறக்கும் ஒவ்வோர் உணவுப் பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு மணம் எழுகிறது. வங்காள மாணவனின் பெட்டியில் கடுகு அரைத்து வைத்த மீன்குழம்பு. மலையாள மாணவியின் பெட்டியில் தேங்காய்த் துவையல். தமிழ் மாணவியின் பெட்டியில் தயிர்ச்சோறும் மோர்மிளகாயும்.

பாட்டி ஊரிலிருந்து அனுப்பிய மோர்மிளகாயைத் தமிழ் மாணவி ஆவலோடு கடித்தாள். மறுகணமே இருமினாள், கண்களில் நீர் வழிந்தது, முகம் சிவந்தது. அருகிலிருந்த தோழி சிரித்துக்கொண்டே, “நீ தமிழ்ப்பெண்தானே? காரம் தாங்க மாட்டாயா?” என்று இந்தியில் கேட்டாள். எல்லாரும் சிரித்தனர். அவள் தலைகுனிந்து மோர்மிளகாயைப் பெட்டியின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள்.

இத்தகைய கேலியை நம்முள் பலர் கேட்டிருப்போம். விடுமுறையில் ஊருக்குச் சென்றால் உறவினரும் இதையே கேட்பர். காரம் தாங்குவது ஒரு திறமையா? தாங்காமை ஒரு குறையா? இதற்கு விடை காண, முதலில் காரம் என்பது யாது என்று அறிதல் வேண்டும்.

கண்ணுக்குச் சுவை தெரியுமா?

சர்க்கரை கரைத்த நீரில் கையை நனைத்தால் கைக்கு இனிப்புத் தெரிவதில்லை. கடலில் குளிக்கும்போது உடல் முழுவதும் உப்புநீர் படுகிறது. ஆயினும் முதுகுக்கோ காலுக்கோ உவர்ப்புத் தெரிவதில்லை. எலுமிச்சைச் சாறு விரலில் பட்டால் விரல் புளிப்பதில்லை. சுவையை அறியும் உறுப்பு வாயினுள் மட்டுமே உள்ளது என்பதே இதற்குக் காரணம்.

மிளகாய் அப்படிப்பட்டதன்று. அம்மியில் மிளகாய் அரைத்தவரின் கைகள் நெடுநேரம் எரியும். மிளகாய் நறுக்கிய விரல் தவறுதலாகக் கண்ணில் பட்டால் கண் எரியும். அடுப்பில் வற்றல் மிளகாய் கருகினால் நெடி எழுந்து, வீட்டிலுள்ளோர் அனைவரையும் தும்மவும் இருமவும் செய்யும். கையிலும் கண்ணிலும் சுவை அறியும் உறுப்பு இல்லை. எனினும் அவை காரத்தை உணர்கின்றன. எனவே அவை உணர்வது சுவையாக இருத்தல் இயலாது.

நம் பேச்சுவழக்கே இதற்குச் சான்று பகர்கிறது. இனிப்பை உண்டவர் ‘நாக்கு இனிக்கிறது’ என்பார். மிளகாயை உண்டவரோ ‘நாக்கு எரிகிறது’ என்பார். தீக்காயத்துக்கு நாம் வழங்கும் அதே சொல்லைத்தான் காரத்துக்கும் வழங்குகிறோம். உறைப்பு என்னும் சொல்லையும் நோக்குக. ‘குழம்பு உறைக்கிறது’ என்கிறோம். ‘அவனுக்கு உறைக்கும்படி சொன்னேன்’ என்றும் சொல்கிறோம். மனத்தில் சென்று தைப்பதையும் நாவில் சென்று தைப்பதையும் ஒரே சொல்லால் குறிப்பது நம் மொழியின் வழக்கு.

நாவின் இருவகை வேலை

நாவின் மேற்பரப்பில் சிறுசிறு புடைப்புகள் காணப்படும். அவற்றில் சுவை அரும்புகள் அமைந்துள்ளன. உணவு உமிழ்நீரில் கரைந்து இவ்வரும்புகளைத் தொடும்போது, அங்குள்ள உயிரணுக்கள் அதன் சுவையை அறிந்து, சுவை நரம்புகள் வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. இவ்வாறு அறியப்படும் அடிப்படைச் சுவைகள் ஐந்து என்று அறிவியலார் வகுத்துள்ளனர். அவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, உமாமி என்பன.

சுவை அறிவது மட்டும் நாவின் பணியன்று. சோறு சூடாக உள்ளதா, ஆறியதா என்றும், முறுக்கு மொறுமொறுப்பாக உள்ளதா, நமத்ததா என்றும், மீனில் முள் உள்ளதா என்றும் நாவே கண்டறிகிறது. வெப்பம், குளிர்ச்சி, தொடுகை, வலி ஆகிய இவற்றை அறிய வேறொரு நரம்பு உண்டு. அதற்கு முக்கிளை நரம்பு என்று பெயர். இது மூன்று கிளைகளாகப் பிரிந்து முகமெங்கும் பரவியுள்ளது. ஒரு கிளை கண்ணையும் நெற்றியையும் சார்ந்தது. மற்றொன்று மூக்கையும் மேல்தாடையையும் சார்ந்தது. மூன்றாவது கிளை கீழ்த்தாடையையும் நாவையும் சார்ந்தது.

மிளகாயின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்வது இந்த முக்கிளை நரம்பே. கண்ணும் மூக்கும் நாவும் ஒரே விதமாக எரிவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? மூன்று இடங்களிலிருந்தும் முறையிடுவது ஒரே நரம்பின் மூன்று கிளைகள்.

தெரிந்து தெளிவோம்

உமாமி என்பது ஜப்பானியச் சொல். 1908ஆம் ஆண்டு கிகுனே இகெடா என்னும் ஜப்பானிய வேதியியலார், கடற்பாசியிலிருந்து வடித்த சாற்றில் இச்சுவையைக் கண்டறிந்து பெயரிட்டார். கருவாட்டுக் குழம்பிலும் நன்கு பழுத்த தக்காளியிலும் நாம் உணரும் நிறைவான சுவை இதுவே.

வெப்பத்தின் கதவு

மிளகாயில் உறைப்பைத் தரும் பொருளுக்குக் கேப்சைசின் என்று பெயர். விதையில்தான் காரம் மிகுதி என்று பலரும் எண்ணுவர். உண்மையில் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் உள்ளிருக்கும் வெண்ணிறப் பகுதியிலேயே கேப்சைசின் உண்டாகிறது.

இப்பொருள் உடலில் எதைத் தொட்டு எரிச்சலை உண்டாக்குகிறது என்பது நெடுங்காலம் விளங்காத புதிராக இருந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அறிவியலார் டேவிட் ஜூலியஸ் இப்புதிரை அவிழ்க்க முற்பட்டார். வலியையும் வெப்பத்தையும் உணரும் நரம்பணுக்களில் செயற்படும் மரபணுக்களைக் குறிக்கும் பல இலட்சம் டி.என்.ஏ. துண்டுகளை அவருடைய குழுவினர் திரட்டினர். கேப்சைசினை உணராத உயிரணுக்களுக்குள் அவற்றைச் செலுத்தி, எத்துண்டு அவ்வுணர்வைத் தருகிறது என்று தேடினர். 1997ஆம் ஆண்டு அந்த ஒரு மரபணு அகப்பட்டது.

அம்மரபணு உருவாக்கும் புரதம், நரம்பணுவின் சுவரில் ஒரு கதவைப் போல் அமைந்திருக்கிறது. அதற்கு டி.ஆர்.பி.வி.1 என்று பெயரிட்டனர். கேப்சைசின் வந்து ஒட்டியவுடன் அக்கதவு திறக்கும். மின்னேற்றம் கொண்ட துகள்கள் உள்ளே பாயும். நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும்.

வியப்பு அதன்பின்தான் காத்திருந்தது. கேப்சைசின் இல்லாதபோதும் அக்கதவு திறப்பதுண்டு. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறும்போது அது தானே திறந்துகொள்கிறது. அதாவது, சுடுபொருள் பட்டால் எச்சரிப்பதற்காக உடல் அமைத்துக்கொண்ட கதவு அது. மிளகாயின் பொருள், கள்ளச்சாவி போல அக்கதவைத் திறந்துவிடுகிறது. சுடுகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. மூளையும் அதை நம்பிவிடுகிறது.

இக்கண்டுபிடிப்பைப் பாராட்டி, 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு டேவிட் ஜூலியசுக்கு வழங்கப்பட்டது. அழுத்தத்தையும் தொடுகையையும் உணரும் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன் அப்பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டார். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எவ்வாறு உணர்கிறது என்ற ஆய்வுக்கே அப்பரிசு அளிக்கப்பட்டது. மிளகாய் அவ்வாய்வில் இடம்பெற்றது ஊறு பற்றிய பகுதியிலேயே, சுவை பற்றிய பகுதியில் அன்று.

நெருப்பில்லா எரிமலை

அந்தமானில் வாழும் நமக்கு இதை விளக்க இரண்டு எரிமலைகள் உள்ளன. ஒன்று, பாரன் தீவில் உள்ளது. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் இருக்கும் எரிமலை அது. அதன் வயிற்றில் உண்மையான நெருப்புக் குழம்பு கொதிக்கிறது. மற்றொன்று, பாரடாங் தீவில் சுற்றுலாப் பயணிகள் சென்று காணும் சேற்று எரிமலை. மண்ணுக்கடியிலிருந்து எழும் வாயுக்கள் சேற்றை மேலே தள்ளுவதால் அது குமிழியிட்டுப் பொங்குகிறது. பெயர் எரிமலை, வடிவமும் எரிமலை, ஆனால் உள்ளே நெருப்புக் குழம்பு இல்லை.

கொதிக்கும் தேநீரால் நாக்குச் சுடுவது பாரன் தீவு எரிமலையைப் போன்றது. மிளகாயால் நாக்கு எரிவது பாரடாங் எரிமலையைப் போன்றது. மிளகாய் கடித்த நாவில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால், அந்த எரிச்சலுக்கு ஈடான வெப்பம் அங்கு இராது. ஆயினும் நாம் உணரும் எரிச்சல் பொய்யன்று. நெருப்புத்தான் பொய்; எரிச்சல் மெய்.

உடலும் மெய்யான நெருப்பை எதிர்கொள்வது போலவே நடந்துகொள்கிறது. உடலைக் குளிர்விக்க வியர்வை சுரக்கிறது. எரியும் பொருளைக் கழுவி வெளியேற்றக் கண்ணீரும் மூக்குநீரும் வடிகின்றன. உமிழ்நீர் பெருகுகிறது. இவை யாவும் உடலின் தற்காப்புச் செயல்கள். அந்த மாணவியின் கண்ணில் வழிந்த நீரும் அவ்வாறு வந்ததே. அவளுடைய உடல் தன் கடமையைச் செம்மையாகச் செய்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. கேப்சைசின் ஒட்டிய கதவு, வழக்கமான அளவை விடக் குறைந்த வெப்பத்திலேயே திறந்துகொள்ளும். அதனால்தான் காரக்குழம்பு ஆறியிருக்கும்போது தாங்கும் நாக்கு, அதே குழம்பு சூடாக இருக்கும்போது துடிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

மிளகாயின் காரத்தை அளக்கும் முறையை 1912ஆம் ஆண்டு வில்பர் ஸ்கோவில் என்னும் அமெரிக்க மருந்தியலார் உருவாக்கினார். மிளகாயின் சாற்றைச் சர்க்கரை நீரில் கலந்து, சுவைப்போர் எரிச்சலை உணராத நிலை வரும் வரை அதை நீர்க்கச் செய்தார். எத்தனை மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டுமோ அந்த எண்ணே அதன் காரஅளவு. குடைமிளகாயின் அளவு 0. வடகிழக்கு இந்தியாவில் விளையும் பூத் ஜோலோகியா மிளகாயின் அளவு 10 இலட்சத்தைத் தாண்டியதால், 2007ஆம் ஆண்டு அது உலகிலேயே மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. தூய கேப்சைசினின் அளவு 1 கோடியே 60 இலட்சம்.

எரிச்சல் பலவகை

மிளகாய் ஒன்றே காரத்தைத் தருவது அன்று. மிளகிலுள்ள பைப்பரின் என்னும் பொருளும், இஞ்சியிலுள்ள காரப்பொருளும் அதே வெப்பக் கதவைத்தான் திறக்கின்றன. ஆனால் அவற்றின் வேகம் மிளகாயினும் குறைவு.

கடுகின் கதை வேறு. ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பது நம் பழமொழி. ஆனால் நம் வீட்டுத் தாளிதத்தில் உள்ள கடுகை மென்று பாருங்கள், காரமே இராது. அந்தக் காரம் எங்கே போயிற்று? கடுகினுள் இரண்டு பொருள்கள் தனித்தனியே அடைபட்டுள்ளன. கடுகை நசுக்கி நீருடன் சேர்த்தால் அவை ஒன்றுகூடிக் காரமான புதிய பொருளை உண்டாக்கும். அவற்றுள் ஒன்று நொதி. அது வெப்பத்தில் செயலிழக்கும். நாம் கடுகை முழுதாகக் கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கிறோம். நொதி செயலிழந்து காரம் பிறக்காமலே போகிறது. வங்காளியர் கடுகை நீர் விட்டு அரைக்கின்றனர்; காரம் முழுமையாகப் பிறக்கிறது. ஒரே விதை, இரண்டு சமையல், இருவேறு உணர்வு! அரைத்த கடுகின் காரப்பொருள் எளிதில் ஆவியாகும். அதனால் அது நாவை விட மூக்கையே மிகுதியாகத் தாக்குகிறது. அது திறக்கும் கதவும் வேறு.

புதினாவில் உள்ள மென்தால் இதற்கு நேர்மாறாகச் செயல்படுகிறது. அது குளிர்ச்சியை உணரும் கதவைத் திறக்கிறது. புதினா மிட்டாயைச் சுவைத்தபின் நீர் அருந்தினால், அந்நீர் பனிக்கட்டி போல் குளிர்கிறது. நீர் குளிர்ந்துவிடவில்லை, நரம்புதான் அவ்வாறு சொல்கிறது. மிளகாய் நெருப்பில்லாச் சூடு. புதினா பனியில்லாக் குளிர்.

கிளி ஏன் அழுவதில்லை?

தீவில் பல வீட்டுத் தோட்டங்களில் சிறிய ஊசிமிளகாய்ச் செடியைக் காணலாம். மலையாளிகள் அதைக் காந்தாரி என்பர். இந்தி பேசுவோர் தானி மிர்ச்சி என்பர். அதன் பழத்தைப் பறவைகள் விரும்பித் தின்னும். கூண்டுக்கிளிக்கு மிளகாய்ப் பழம் கொடுக்கும் வழக்கத்தையும் நாம் அறிவோம். மிளகாய் தின்ற கிளி ஒருபோதும் கண்ணீர் வடிப்பதில்லை.

பறவைகளுக்கும் வெப்பக் கதவு உண்டு. சுடுபொருளை அவையும் உணரும். ஆனால் அவற்றின் கதவின் அமைப்பு சற்று வேறுபட்டது; கேப்சைசின் என்னும் கள்ளச்சாவி அதற்குப் பொருந்துவதில்லை. கோழியின் உயிரணுக்களை ஆராய்ந்த ஜூலியசின் குழுவினர் 2002ஆம் ஆண்டு இதை வெளியிட்டனர்.

இதனால் மிளகாய்ச் செடிக்குப் பெரும் நன்மை விளைகிறது. எலி போன்ற பாலூட்டிகள் விதைகளைப் பற்களால் அரைத்து அழித்துவிடும். பறவைகள் விதைகளை விழுங்கி, வேறிடத்தில் எச்சத்துடன் முழுதாக வெளியேற்றும். விதையை அழிப்பவரை விரட்டவும், பரப்புபவரை அழைக்கவும் செடிக்குக் கேப்சைசின் உதவுகிறது. அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் காட்டு மிளகாயை ஆராய்ந்தவர்கள், எலிகள் அதைத் தவிர்ப்பதையும் பறவைகள் உண்பதையும் கண்டு 2001ஆம் ஆண்டு பதிவு செய்தனர். எனவே காரம் என்பது பாலூட்டிகளுக்கு ‘உண்ணாதே’ என்று செடி விடுக்கும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை விரும்பி உண்ணக் கற்றுக்கொண்ட உயிர் மனிதன்!

எரிச்சலைத் தணிப்பது எப்படி?

காரம் மிகுந்தவுடன் நாம் தண்ணீரைத் தேடி ஓடுகிறோம். அதனால் பெரும்பயன் இல்லை. கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது. நீர் அதை வாயெங்கும் பரப்பிவிடவும் கூடும். கேப்சைசின் கரைவது எண்ணெயிலும் கொழுப்பிலும். மேலும் பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் அதைப் பற்றி நரம்பிலிருந்து அகற்ற உதவுகிறது. எனவே பால், தயிர், மோர் ஆகியவையே ஏற்ற மருந்து.

நம் சமையலறை இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. காரக்குழம்பும் இரசமும் உண்டபின் தயிர்ச்சோற்றோடு உணவை முடிப்பது நம் வழக்கம். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் குழைக்கிறோம். பச்சைமிளகாயை மோரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகிறோம். வேதியியலைப் படிக்காத கைகள் பட்டறிவால் கண்ட வழிகள் இவை.

கைகள் எரிந்தால் முதலில் தேங்காய் எண்ணெயைத் தடவி, பின்னர்ச் சோப்புப் போட்டுக் கழுவுதல் நன்று. கண்ணில் பட்டால் கண்ணைக் கசக்காமல், தூய நீரால் நெடுநேரம் கழுவி, பெரியவர்களிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

அறுசுவை பொய்யா?

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு ஆகிய ஆறும் நம் மரபு கூறும் அறுசுவைகள். இவற்றுள் கார்ப்பையும் துவர்ப்பையும் அறிவியல் சுவைப்பட்டியலில் சேர்ப்பதில்லை. வாழைப்பூவும் இளம் மாதுளையும் உண்ணும்போது வாய் வறண்டு சுருங்குவது போன்ற உணர்வே துவர்ப்பு. அதுவும் பெரிதும் ஊறு சார்ந்ததே.

அதனால் முன்னோர் தவறினர் என்று கொள்ளுதல் கூடாது. பொருள்களை வகைப்படுத்த ஓர் அளவுகோல் மட்டும் இல்லை. உணவை உண்பவர் வாயில் துய்ப்பவை எவை, அவை உடலுக்கு என்ன செய்கின்றன என்ற நோக்கில் முன்னோர் ஆறாக வகுத்தனர். எந்த உயிரணு அறிகிறது, எந்த நரம்பு செய்தி கொண்டுசெல்கிறது என்ற நோக்கில் அறிவியல் ஐந்தாக வகுக்கிறது. விருந்து சமைப்பவருக்கு முதற்கணக்கு வேண்டும்; நரம்பை ஆராய்பவருக்கு இரண்டாம் கணக்கு வேண்டும்.

ஊறும் சுவையும் வெவ்வேறு என்பதையும் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். உயிர்களை அறிவின் அடிப்படையில் வரிசைப்படுத்தும் தொல்காப்பியம், தொட்டுணரும் அறிவை முதலாவதாகவும் நாவால் சுவைத்தறியும் அறிவை இரண்டாவதாகவும் வைக்கிறது. அந்த வரிசையில் காரத்துக்கு இடம் தேடினால், இன்றைய அறிவியல் அதை முதலாவது அறிவின் பக்கம் அமர்த்தும்.

பழக்கமும் பெருமையும்

காரமே தமிழரின் அடையாளம் என்று சிலர் எண்ணுவர். மிளகாய் நம் மண்ணுக்குரிய பயிர் அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பின்னரே, போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் இந்தியாவை அடைந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரம் தந்தது மிளகு. சங்க இலக்கியம் மிளகைக் ‘கறி’ என்று குறிக்கிறது. புதிதாக வந்த காய் மிளகைப் போல் உறைத்ததால், மிளகு, காய் என்னும் இரு சொற்களும் இணைந்து அதற்கு ‘மிளகாய்’ என்ற பெயர் அமைந்தது. கடல் கடந்து வந்த ஒரு காய், சில நூற்றாண்டுகளில் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. கடல் கடந்து இத்தீவுக்கு வந்து, இதைத் தம் ஊராக்கிக்கொண்ட நம் குடும்பங்களைப் போல!

காரம் தாங்கும் ஆற்றல் பெரிதும் பழக்கத்தால் வருவது. கேப்சைசின் மீண்டும் மீண்டும் படும்போது நரம்பு முனைகளின் உணர்ச்சி மழுங்குகிறது. மூட்டுவலிக்குப் பூசும் சில களிம்புகளில் கேப்சைசின் சேர்ப்பதும் இக்காரணத்தாலேயே. நாள்தோறும் காரம் உண்ட பாட்டிக்கு உறைக்காத குழம்பு, தீவில் பிறந்து வளர்ந்த பேத்திக்கு உறைப்பது இயல்பு. மெக்சிகோ நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பால் ரோசின் என்னும் உளவியலார் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. அங்குள்ள பிள்ளைகளும் காரத்தை விரும்பியபடியே பிறப்பதில்லை. பெரியவர்கள் உண்பதைக் கண்டு, சிறிது சிறிதாகப் பழகி, பின்னரே விரும்புகின்றனர்.

ஆகவே காரம் தாங்குவது வீரமும் அன்று. தாங்காமை இழிவும் அன்று. ஒருவரைக் கேலி செய்து மிளகாய் தின்னத் தூண்டுவதும், யார் மிகுதியாகத் தின்பர் என்று போட்டி வைப்பதும் தீங்கு தரும். அளவு மீறினால் வயிற்றுவலியும் வாந்தியும் உண்டாகும். மிளகாய் எத்தனை தின்றோம் என்று எண்ணி ஒருவரைத் தமிழர் என்று சொல்வதில்லை.

அந்த மாணவியின் உணவு இடைவேளைக்குத் திரும்புவோம். பெட்டியில் இன்னும் தயிர்ச்சோறு இருக்கிறது. ஒரு பிடி உண்கிறாள், எரிச்சல் அடங்குகிறது. இந்தப் பாடத்தைப் படித்திருந்தால் அவள் தோழிக்கு என்ன விடை கூறியிருப்பாள்? “என் நாக்கு என்னை ஏமாற்றவில்லை. நெருப்பு என்று நம்பி என்னைக் காப்பாற்ற முயன்றது. நீயும் ஒன்று கடித்துப் பார்க்க விரும்பினால் சொல், முதலில் தயிரை அருகில் வைத்துத் தருகிறேன்” என்று கூறியிருப்பாள் அல்லவா?

சொல்லும் பொருளும்

ஊறு – தொட்டு உணரும் உணர்வு
உறைப்பு, கார்ப்பு – காரம்
கைப்பு – கசப்பு
உவர்ப்பு – உப்புத்தன்மை
நெடி – மூக்கைத் தாக்கும் கடுமையான மணம்
நொதி – உயிர்ப்பொருள்களில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
துய்த்தல் – நுகர்தல், அனுபவித்தல்
பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. மிளகாயின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பு ______
(அ) சுவை நரம்பு (ஆ) முக்கிளை நரம்பு (இ) செவி நரம்பு (ஈ) பார்வை நரம்பு

2. கேப்சைசின் எளிதில் கரைவது ______
(அ) நீரில் (ஆ) சர்க்கரை நீரில் (இ) எண்ணெயில் (ஈ) உப்பு நீரில்

3. சங்க இலக்கியத்தில் ‘கறி’ என்பது குறிக்கும் பொருள் ______
(அ) மிளகாய் (ஆ) கடுகு (இ) இஞ்சி (ஈ) மிளகு

ஆ. பொருத்துக.

1. மென்தால் – மிளகு
2. பைப்பரின் – பால்
3. கேசின் – மிளகாய்
4. கேப்சைசின் – புதினா

இ. பிரித்து எழுதுக.

1. அறுசுவை 2. மிளகாய் 3. தயிர்ச்சோறு 4. பட்டறிவு

ஈ. குறுவினா

1. கண்ணும் மூக்கும் நாவும் மிளகாயால் ஒரே விதமாக எரிவது ஏன்?
2. நம் வீட்டுத் தாளிதத்தில் உள்ள கடுகு உறைப்பதில்லை. ஏன்?
3. மிளகாய் தின்ற கிளி கண்ணீர் வடிக்காமைக்குக் காரணம் யாது?

உ. சிறுவினா

1. பாரன் தீவு எரிமலையும் பாரடாங் சேற்று எரிமலையும் இப்பாடத்தில் எவற்றுக்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளன? விளக்குக.
2. அறுசுவை என்னும் மரபும் ஐந்து சுவை என்னும் அறிவியல் கருத்தும் எந்தெந்த நோக்கில் அமைந்தவை?

ஊ. சிந்தனை வினா

நாவில் உண்மையான வெப்பம் இல்லாதபோதும் ‘எரிச்சல் மெய்’ என்று பாட ஆசிரியர் கூறுகிறார். நீங்கள் உடன்படுகிறீர்களா? காரணம் தந்து எழுதுக.

கற்பவை கற்றபின்

1. காரத்தைக் குறிக்க உங்கள் வீட்டில் வழங்கும் தமிழ்ச் சொற்களைப் பாட்டி, தாத்தா, பெற்றோரிடம் கேட்டுத் தொகுக்க. உங்கள் வகுப்பிலுள்ள பிறமொழி நண்பர்களிடம் அவர்கள் மொழிச் சொற்களையும் கேட்டு எழுதுக. அச்சொற்களுள் எவை ‘எரிதல்’ என்னும் பொருளும் தருகின்றன என்று கண்டறிக.

2. ஒரு குவளை நீரைச் சிறிது அருந்துக. பின்னர்ப் புதினா மிட்டாய் ஒன்றைச் சுவைத்துவிட்டு அதே நீரை மீண்டும் அருந்துக. நீங்கள் உணர்ந்த வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுக. (மிளகாயைக் கொண்டு இத்தகைய சோதனை எதையும் செய்தல் கூடாது.)